பாடாத வால்வு

தஞ்சாவூரில் சங்கீதத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர்கள் பெரிய கோயிலிலிருந்தோ, சரசுவதி மகாலிலிருந்தோ, திருவையாற்றுக் காவிரிக் கரையிலிருந்தோ தொடங்குவது சம்பிரதாயம். கீழ ராஜ வீதியில், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் முட்டுகிற அளவுக்கு ஒடுங்கிய ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையிலிருந்துதான் நான் தொடங்க முடியும். நாகஸ்வரமும் வாய்ப்பாட்டும் வீணையும் சினிமாப் பாட்டும் எனக்குப் பழக்கமானது கச்சேரி மேடைகளுக்கு எதிரே அல்ல. முதுகுப் பலகை கழற்றப்பட்ட பெட்டிகளுக்குப் பின்னால், சூடேறிய கண்ணாடியின் வாசனையிலும் ஈயப் பற்றின் புகையிலும் உட்கார்ந்தபடிதான்.

அந்தக் கடை என் சித்தப்பாவினுடையது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜபல்பூரில் சிக்னல் படையில் பயிற்சி பெற்ற அவர் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவை ஒரு டிரங்குப் பெட்டி, ஆர். சி. ஏ. கம்பெனியின் வால்வுக் கையேடு, கோபம் வந்தால் ஹிந்துஸ்தானியில் வைகிற வழக்கம், இவ்வளவுதான் என்று சித்தி சொல்லுவாள். கையேட்டின் அட்டை போய், ஓரங்கள் எலிக்கு இரையாகி, பக்கங்கள் மஞ்சளித்திருந்தபோதிலும், எந்த வால்வின் எந்தக் காலில் என்ன இருக்கிறது என்பதை அவர் அதைத் திறக்காமலே சொல்லுவார். திறப்பதெல்லாம் நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்காக மட்டுமே.

அக்காலத்தில் கடைக்கு வருகிற பெட்டிகள் இரண்டு ஜாதி. 1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய பிறகு காவிரிப் படுகையில் வசதியுள்ள வீடுகளுக்குள் மெல்ல மெல்லப் புகுந்த ரேடியோக்கள் ஒரு ஜாதி. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் தென்னை மரத்தில் குழாய் கட்டி, சீர்காழியின் விநாயகர் பாட்டில் தொடங்கி எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளில் ஊரைத் தூங்கவிடாமல் அடிக்கிற மைக் செட்டுகள் மற்றொரு ஜாதி. முன்னதற்கு வைத்தியம் செய்தால் மரியாதை கிடைக்கும், பணம் தாமதமாக வரும். பின்னதற்குச் செய்தால் பணம் உடனே வரும், ஆனால் திருவிழாவுக்கு முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள்.

வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன் வரிசையில் நிற்கிற சிறிய வால்வுகள் மெல்லிய ஓசையை வாங்கிப் பெருக்கிக் கொடுக்க, பின் வரிசையிலுள்ள பருத்த வால்வுகள் அதை வாங்கி ஸ்பீக்கரை உந்தித் தள்ளுகின்றன, இவற்றோடு சேராமல், மெயின் ட்ரான்ஸ்பார்மரின் பக்கத்தில், ஓரமாக ஒன்று தனியே நிற்கும். அதுதான் ரெக்டிபையர். சுவரிலிருந்து வருகிற மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் புரண்டுகொண்டிருப்பது. வால்வுகளின் தகடுகளுக்கோ ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம்தான் வேண்டும். அந்தப் புரளலில் ஒரு திசையை மட்டும் அனுமதித்து மற்றதைத் தடுத்து நிறுத்துவதே இந்த வால்வின் ஏக காரியம். காற்று நீக்கிய பல்புக்குள் சூடான இழையிலிருந்து குளிர்ந்த தகட்டுக்கு மின்சாரம் ஒரு திசையில் மாத்திரம் பாய்கிறது என்பதை எடிசன் 1880-களிலேயே கண்டிருந்தும், அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று அறியாமல் விட்டுவிட்டார். 1904-இல் பிளெமிங் என்ற ஆங்கிலேயர் அதையே ரேடியோ அலைகளைப் பிடிக்கிற சாதனமாக்கியபோதுதான் வால்வு என்ற வம்சமே பிறந்தது. ஆகவே இருக்கிற வால்வுகளிலெல்லாம் குல முதல்வன் இந்த ஓரத்தில் நிற்கிற ஆள்தான். ஆனால், பாட்டின் ஓர் இழைகூட இதன் வழியாகப் போவதில்லை.

"இது பாடுற வால்வு இல்லேடா. பாடுறவனுக்குச் சோறு போடுற வால்வு" என்று சித்தப்பா எனக்கு முதல் பாடமாகச் சொன்னார்.

சோறு போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே தாராளத்தோடு போடுவதில்லை என்பது இரண்டாவது பாடம். இந்த வால்வுகள் தம் வழியே போகிற மின்சாரத்தில் ஒரு பங்கைத் தாமே விழுங்கிக்கொள்ளும். மைக் செட்டுகளில் சாதாரணமாகக் காணப்பட்ட 5-யு-4, 225 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க வல்லது. அவ்வளவு கொடுக்கும்போது 45 வோல்ட் போல விழுங்கும். பழைய அமெரிக்க ரேடியோக்களில் இருக்கிற 5-ஒய்-3 அதைவிடச் சிறியது. 125 மில்லி ஆம்பியரே அதன் எல்லை, அந்த எல்லையில் அதன் விழுங்கல் 60 வோல்ட்டை எட்டும். ஐரோப்பியர்கள் 1950-களில் கொண்டுவந்த ஜி.இஸட்.34 இவையிரண்டையும் வெட்கப்படச் செய்வது. 250 மில்லி ஆம்பியர் கொடுத்தும் 17 வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. இவையன்றிப் பாதரச ஆவி நிரப்பிய 83 என்ற பிரகிருதி ஒன்று உண்டு. டாக்கீஸ் ஒன்றின் புரொஜக்டர் அறைக்குச் சித்தப்பாவோடு போனபோது, திரையில் கதாநாயகன் வசனத்தை உயர்த்திப் பேசுந்தோறும் அந்த வால்வுக்குள் நீல ஒளி விம்மி விம்மி எரிந்ததை, படத்தைப் பார்க்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு கொடுத்தாலும் 15 வோல்ட்டே எடுக்கும். கணக்கில் அத்தனை கண்டிப்பு.

மூன்றாவது பாடம், உண்மையில் முதலில் சொல்லியிருக்க வேண்டியது, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள் என்பது. பெட்டியை அணைத்துவிட்டால் மின்சாரம் போய்விடுகிறது என்று நினைப்பவன் இந்தத் தொழிலில் நெடுநாள் இருப்பதில்லை. பெரிய வால்வுகளைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சோதனை செய்தால் வடிகட்டும் கண்டன்சர்களிலுள்ள மின்சாரத்தைக் குடிக்க ஆள் இல்லை. பிளக்கைப் பிடுங்கி வெகு நேரம் ஆன பிறகும் ஒரு மனிதனைக் கீழே தள்ளப் போதுமான வோல்ட் அங்கே காத்துக்கொண்டிருக்கும். ஆகையால் முதலில் ஒரு ரெசிஸ்டன்ஸைக் குறுக்கே வைத்து அதை வடிக்க வேண்டும், பிறகு மீட்டரை வைத்துப் பூஜ்யம் என்று கண்ணால் பார்க்க வேண்டும், அதன் பிறகும் ஒரு கையால் மட்டுமே உள்ளே தொட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. கடையில் வேலை கற்றுக்கொள்ள வந்த பையன்களை அவர் அடித்ததில்லை. இரண்டு கைகளும் சேஸிஸுக்குள் போவதைப் பார்த்த சமயங்களில் மாத்திரம் அடிப்பார்.

இப்படிப்பட்ட கடைக்குக் கிடார் ஆம்ப்ளிபையர் ஒன்று வந்து சேர்ந்தது 1970-ஐ ஒட்டிய காலத்தில். மானம்புச்சாவடியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவரும், ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்திலும் சனிக்கிழமை இரவில் மெல்லிசைக் குழுவிலும் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவருமான ஓர் அண்ணனுக்கு, சிங்கப்பூரிலிருந்த தாய்மாமன் ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவைத்த பெட்டி அது. அந்த நாளில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்துகொண்டிருந்த அந்தக் கப்பல் எங்கள் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுவந்து கொட்டிய சாமான்களைப் பற்றித் தனியாகவே ஒரு புராணம் எழுதலாம். பட்டுத் துணி, பீங்கான், தைல பாட்டில்கள், குடை இவற்றுக்கு நடுவே இது ஒன்று. மேலே சுற்றியிருந்த தோல் துணி வெடித்து, பெயர்ப் பட்டயம் உதிர்ந்துபோன மேல்நாட்டுச் சரக்கு. பன்னிரண்டங்குல ஸ்பீக்கர் ஒன்று, 6-வி-6 வால்வுகள் இரண்டு, ஓரத்தில் ஜி.இஸட்.34.

கிடாரைத் தஞ்சாவூர் வியப்போடு பார்த்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக் கூடும். அப்படி ஒன்றுமில்லை. 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர் தம் அரண்மனையில் மேல்நாட்டு பாண்டு வாத்தியம் வைத்திருந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு பிடிலைக் கையிலெடுத்து அதில் தேர்ச்சி பெற்று, 1834-இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜாவிடமிருந்து தந்தப் பிடில் ஒன்றையே சம்மானமாகப் பெற்றார். கிளாரினெட்டு இங்கே சதிர்க் கச்சேரிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தை அச்சிட்டதும் இந்த ஊரில்தான். வெளியிலிருந்து வந்த வாத்தியத்தை இந்த ஊர் ஒருநாளும் வாசலில் நிறுத்தியதில்லை. உள்ளே அழைத்து உட்காரவைத்து, பிறகு குறை சொல்லும். கிடாருக்கு அது சொன்ன குறை, சத்தம் அதிகம் என்பதுதான்.

பெட்டி வந்தபோது சத்தமே இல்லை. போட்டவுடன் அந்த ரெக்டிபையருக்குள் பளிச்சென்று ஒரு மின்னல் வெட்டி, ப்யூஸ் போய்விடும். புது ப்யூஸ் போட்டால் மறுபடியும் மின்னல். வால்வின் ஆயுள் முடிந்தது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. சித்தப்பா அதோடு திருப்தியடைகிறவர் அல்ல; ஏன் முடிந்தது என்று தெரியாமல் புது வால்வு போடுவது, நோய் தெரியாமல் மருந்து கொடுக்கிற அக்கிரமம் என்பது அவர் கொள்கை. சேஸிஸைக் கவிழ்த்துப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. ரெக்டிபையருக்கு அடுத்தபடியாக நிற்கிற முதல் கண்டன்சர், பிறகு யாரோ எங்கேயோ மாற்றியது, 100 மைக்ரோபாரட். ஜி.இஸட்.34-க்குக் கையேடு அனுமதிக்கிற எல்லை 60. இரைச்சல் குறையட்டும் என்று நல்லெண்ணத்தோடு பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். காலியாக இருக்கிற கண்டன்சர் ஒவ்வொரு முறை சுவிட்சு போடும்போதும் ஒரே மூச்சில் குடிக்கப் பார்க்க, வால்வின் கேத்தோடு அந்த வேகத்தைத் தாங்க முடியாமல் உதிர்ந்துபோயிருக்கிறது.

அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டு, "அண்ணே, சனிக்கிழமை கச்சேரி இருக்கு" என்றார்.

"இருக்கட்டும் தம்பி, சனிக்கிழமை வாரா வாரம் வருது" என்றார் சித்தப்பா.

ஜி.இஸட்.34 தஞ்சாவூரில் எங்கும் கிடையாது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் 1961 முதல் ரேடியோ வால்வுகள் உற்பத்தியாகி, சாதாரண ரகங்களுக்குப் பஞ்சமில்லாமல் இருந்தபோதிலும், இந்த மாதிரி விசேஷச் சரக்குக்குச் சென்னையில் ரிச்சித் தெருவையோ, யுத்த காலத்து டிஸ்போசல் சாமான்கள் குவிந்து கிடந்த மூர் மார்க்கெட்டையோதான் நம்ப வேண்டும். அதுவரை இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று சித்தப்பா முதல் கண்டன்சரை 16 மைக்ரோபாரட் ஆக்கிவிட்டு, மைக் செட்டிலிருந்து ஒரு 5-யு-4-ஐப் பிடுங்கினார். எட்டுக் கால் சாக்கெட்டில் அது சரியாக உட்காரும். 2, 8 இரண்டும் பிலமெண்ட், 4, 6 இரண்டும் தகடு என்ற கிரமத்தில் மூன்று வால்வுக்கும் வித்தியாசம் இல்லை. உட்காருகிறது என்பதனாலேயே பொருந்திவிட்டது என்று நினைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஜி.இஸட்.34-இன் இழைக்கு வேண்டியது 1.9 ஆம்பியர், 5-யு-4-க்கோ 3 ஆம்பியர். அந்த அதிகப்படி முழுவதையும் ட்ரான்ஸ்பார்மரின் ஐந்து வோல்ட் சுற்று சுமக்க வேண்டும். பெட்டியை ஓடவிட்டு ட்ரான்ஸ்பார்மரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டுப் பெட்டியை அணைத்தார். சிங்கப்பூரிலிருந்து இன்னொரு வால்வு வரவழைக்கலாம், இன்னொரு ட்ரான்ஸ்பார்மர் வரவழைக்க முடியாது.

அப்புறம் பரணிலிருந்து ஒரு செத்த அமெரிக்க ரேடியோ இறங்கியது, அதிலிருந்து 5-ஒய்-3. இதற்கு 2 ஆம்பியர், சுற்றுக்குப் பாரமில்லை. இரண்டு 6-வி-6-உம் முன்வரிசை வால்வுகளும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும் என்பதால் அதன் எல்லைக்குள்ளும்தான். ஜி.இஸட்.34 இருந்தால் இந்தப் பெட்டியில் 380 வோல்ட் அருகே வரும் என்பது சித்தப்பாவின் கணக்கு. 5-ஒய்-3 போட்டதும் மீட்டர் 340-இல் நின்றது. இந்த இடத்தில் அவர் கையேட்டைத் திறந்து அண்ணனிடம் காட்டினார்: 6-வி-6-இன் தகட்டுக்குச் செய்தவர்களே வகுத்த எல்லை 315 வோல்ட். கிடார்ப் பெட்டி செய்கிறவர்கள் சத்தத்தின் மேல் உள்ள ஆசையினால் உலகமெங்கும் இந்த எல்லையை மீறியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால் தெரிய வந்தது. 340-உம் மீறல்தான், ஆனால் மன்னிக்கத் தக்க மீறல்.

அண்ணன் கிடாரை மாட்டிக்கொண்டு, முதலில் மெதுவாகவும் பிறகு அழுத்தியும் வாசித்தார். மெதுவாக வாசித்தவரையில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. அழுத்தி ஒரு கார்டை அடித்தபோதுதான் அந்த அதிசயம் நேர்ந்தது: அடித்த கணத்தில் எழவேண்டிய கூர்மை எழாமல் சற்றே தணிந்து, அதன்பின் நாதம் மெல்ல விரிந்து எழுந்து, நெடுநேரம் நின்றது. காரணம் எளிது. அழுத்தி அடித்தால் பெரிய வால்வுகள் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கின்றன, ரெக்டிபையர் கொடுக்கிறது, ஆனால் கொடுக்கும்போதே அதிகமாக விழுங்குகிறது, வோல்ட் இறங்குகிறது, இறங்கியதும் ஓசை தணிகிறது, கை ஓய்ந்ததும் கண்டன்சர் நிரம்பி வோல்ட் திரும்ப ஏறுகிறது. ஒரு குறைபாட்டின் கணக்குதான் இது முழுவதும். அண்ணனோ கண்ணை மூடிக்கொண்டு, அதே கார்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். எதிர்க் கடைப் பாத்திர வியாபாரி எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஆண்டு ஆவணியில், திருவையாற்றுக்கு மேற்கே ஒரு கிராமத்து மாரியம்மன் திருவிழாவில் அந்தப் பெட்டி மேடை ஏறியது. நானும் அதோடு போனேன். எங்கள் ஜில்லாவில் தீவிர விவசாயத் திட்டம் 1960-இல் வந்து, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல் பரவி, மேட்டூர்த் தண்ணீரை மாத்திரம் நம்பாமல் குழாய்க் கிணறும் பம்பு செட்டும் வயலுக்கு வயல் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பயிருக்கு அது வரப்பிரசாதம், கச்சேரிக்கு அல்ல. சாயங்காலம் பம்புகள் ஓடத் தொடங்கினால் 230 வோல்ட் என்று பெயர் பெற்ற மின்சாரம் 180-க்கு வந்து நிற்கும். பல்புகள் அழுத கண்கள்போல் சிவக்கும். அதற்காக மைக் செட்டுக்காரர்கள் ஆட்டோ ட்ரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்துத் திருகித் திருகி வோல்ட்டை ஏற்றிக்கொள்வார்கள். ஆபத்து ஏற்றுவதில் இல்லை, இறக்க மறப்பதில் இருக்கிறது: இரவு பத்தரை மணிக்குமேல் பம்புகள் ஒவ்வொன்றாக நிற்க, கம்பியில் மின்சாரம் தானே 250-ஐத் தொடும், ஏற்றிவைத்த திருகு அப்படியே இருந்தால் அதன்மேல் இன்னும் ஏறி வால்வுகளைக் கொளுத்திவிடும். ஆகவே மேடைக்குப் பின்புறம், சாக்கின்மேல் உட்கார்ந்து, மீட்டரின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் திருகைப் பிடித்துக்கொண்டிருக்கும் உத்தியோகம் எனக்கு. மேடையில் 'காதலிக்க நேரமில்லை' படப் பாட்டுக்கு ஜனங்கள் கை தட்டியதையும் விசிலடித்ததையும் கேட்டேனே தவிர, பாடியது ஆணா பெண்ணா என்பதைக்கூட நான் பார்க்கவில்லை.

விழாக் கமிட்டியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நடுவில் வந்து, "என்ன தம்பி, கிடாரு சத்தம் பத்தலியே" என்றார். அவருக்குத் தவிலும் நாகஸ்வரமும் தெரியும்; அவற்றுக்கு ரெக்டிபையர் தேவையில்லை. அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது. 340 வோல்ட்டில் அந்தப் பெட்டி, திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கும் பெருங்கூட்டத்தின் கடைசி வரிசைக்கு எட்டுவதில்லை.

இதனால்தானோ என்னவோ, பின்னால் மூர் மார்க்கெட்டில் ஒரு நல்ல ஜி.இஸட்.34 அகப்பட்டபோது அண்ணன் ஆவலோடு வாங்கிக்கொண்டு வந்தார். போட்டதும் சத்தம் கணிசமாக உயர்ந்தது. ஒவ்வொரு மீட்டும் தெறித்து விழுந்தது. வேகமான பாட்டுகளுக்கு அது எடுப்பாகவே இருந்தது. ஆனால் சில வாரங்களில் அவர் மறுபடியும் வாசற்படியில் நின்றார். பழையதையே போட்டுவிடுங்கள், இது மூச்சு விடவில்லை என்றார்.

சித்தப்பா மூச்சு, ஆவி, உயிர் என்ற பரிபாஷைகளை மின்சாரத்தின் விஷயத்தில் அனுமதியாதவர். அன்று கடை சாத்தின பிறகு ஒரு பரீட்சை வைத்தார். ஜி.இஸட்.34-க்கு அடுத்தாற்போல், அதன் வோல்ட்டை 340-க்கு இறக்கக்கூடிய பத்து வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பற்றவைத்தார். அண்ணனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, ஒரு தடவை 5-ஒய்-3-உம் இன்னொரு தடவை ரெசிஸ்டன்ஸோடு ஜி.இஸட்.34-உமாக மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று சொல்லச் சொன்னார். வால்வு சூடேறக் காத்திருக்கும் நேரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடாதபடி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் காக்கவைத்தார். ஏனென்றால் 5-ஒய்-3 போட்ட சில வினாடிகளில் உயிர் பெற்றுவிடும், ஜி.இஸட்.34 சோம்பேறி. அண்ணன் நல்ல காது உள்ள மனிதர். சுருதியில் ஒரு மயிரிழை விலகினாலும் முகத்தைச் சுளிப்பவர். அவரால் சொல்ல முடியவில்லை. மெதுவாக வாசித்தபோதும் முடியவில்லை, ஓங்கி அடித்தபோதும் முடியவில்லை. ரெசிஸ்டன்ஸும் மின்சாரம் அதிகமாகப் போகும்போது அதிகமாகத்தானே விழுங்குகிறது? வால்வு செய்கிற அந்தச் சேவையை நயா பைசாக் கணக்கில் விற்கிற மண் குச்சியும் செய்யும் என்பதைக் கேட்டு அண்ணனின் முகம் வாடிவிட்டது. நானும்தான் வருத்தப்பட்டேன். ஆனால் அன்று கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

இப்போது இந்த வால்வுகளை மேல்நாட்டிலும் நம் நாட்டுப் பெரு நகரங்களிலும் நவரத்தினங்களைப் போல விலை பேசுகிறார்கள். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் பல்லாண்டுகளுக்கு முன் செய்த ஜி.இஸட்.34 ஒன்றுக்குக் கேட்கிற விலையில் எங்கள் பக்கத்தில் ஓர் ஏக்கருக்கு உரம் போட்டுவிடலாம். அமெரிக்காவில் பெண்டர் கம்பெனி தன் பாஸ்மன் என்ற பெட்டியில் ஒரு சமயம் நான் முன்பு சொன்ன பாதரச 83-ஐப் போட்டு, பிறகு ஜி.இஸட்.34-க்கு மாறியது, லண்டனில் மார்ஷல் என்பவர் 1962-இல் அந்தப் பாஸ்மனைப் பார்த்துத் தம் முதல் பெட்டியைச் செய்து, சில வருஷங்களுக்குள் ரெக்டிபையர் வால்வைத் தூக்கிவிட்டு சிலிக்கன் டயோடுக்குப் போய்விட்டார். டயோடு விழுங்குவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆகையால் அந்தப் பெட்டிகளின் ஓசை விறைத்து, முகத்தில் அறைவதுபோல் இருக்கும். அந்த அறைதான் வேண்டும் என்று கேட்டவர்களால் ஒரு சங்கீதமே வளர்ந்தது. அந்தத் தளர்வுதான் வேண்டும் என்று கேட்டவர்களால் இன்னொன்று. இரண்டும் வோல்ட்டின் ஏற்ற இறக்கமே அன்றி, கண்ணாடிக்குள் அடைபட்ட மந்திரம் எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். வீட்டு அறைக்குள் தணிவாக வாசிக்கிறவர், ரெக்டிபையரை மாற்றியதால் நாதம் பட்டுப் போலாகிவிட்டது என்று சொன்னால் நான் வாதாடுவதில்லை. வோல்ட்டைச் சமப்படுத்திவிட்டு மறுபடியும் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். கேட்கிறவர்கள் சொற்பம்.

அண்ணனுடைய 5-ஒய்-3, 1970-களின் பிற்பாதியில் இழை மின்சாரத்தை உமிழும் எமிஷன் குறைந்து, மீட்டரில் வாரத்துக்கு வாரம் இறங்கத் தொடங்கியது. ஜி.இஸட்.34-ஐ அவர் முன்னமே ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். ட்ரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபையர்கள் மைக் செட்டுக்காரர்களைப் பிடித்துக்கொள்ள, வால்வு வாங்குவோர் குறைந்து, விற்போரும் குறைந்துவிட்ட தருணம். சித்தப்பா ஒரு சாயங்காலம் அந்தக் கிழ வால்வைத் துணியில் சுற்றி மெல்லத் தட்டி உடைத்தார். கண்ணாடித் தூளைத் துடைத்துவிட்டு, மிஞ்சிய எட்டுக் கால் அடிப்பகுதிக்குள் பி.ஒய்.127 டயோடுகளை, தகட்டுக்கு இரண்டாக வரிசையில் வைத்துப் பற்றினார். வரிசையில் இரண்டு வைத்தது, எதிர்த் திசை வோல்ட்டை அவை பகிர்ந்துகொள்ளட்டும் என்பதற்காக. அதோடு பரீட்சையில் வெற்றி பெற்ற அந்தப் பத்து வாட் ரெசிஸ்டன்ஸ். டயோடு சூடேறக் காத்திருப்பதில்லையாதலால், பெரிய வால்வுகள் விழித்துக்கொள்வதற்கு முன்பே முழு வோல்ட்டும் கண்டன்சர்களின் மேல் விழும். அதுவும் நள்ளிரவு 250-இல் யாராவது சுவிட்சைப் போட்டால் 450 வோல்ட் கண்டன்சர் வெடித்துச் சேஸிஸ் முழுவதும் பஞ்சு பறக்கும். அதற்காகப் பின்புறத்தில் தனி சுவிட்சு ஒன்று வைத்து, முதலில் இது, ஒரு நிமிஷம் கழித்து அது என்று தமிழில் எழுதி ஒட்டினார். அந்த எழுத்து சித்தப்பாவின் சொந்தக் கையெழுத்து. அவர் எழுத்தில் நான் பார்த்தவற்றுள் அதுவே தெளிவானது.

சித்தப்பா காலமாகி, கடை வேறு சரக்குக்கு மாறி, நானும் வேறு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்ட பிறகு, அண்ணன் ஒரு நாள் ஆள் அனுப்பினார். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும், பழைய பெட்டிகளைச் சேர்க்கிற ஒருவர் பெங்களூரிலிருந்து வருகிறார், நீயும் கூட இரு என்றார். வந்தவர் நல்ல மனிதர்தான், விஷயம் தெரிந்தவர். பெட்டியைச் சுற்றி வந்தார், தோல் துணியைத் தடவிப் பார்த்தார், ஸ்பீக்கரின் முத்திரையை டார்ச்சு அடித்துப் படித்தார். அண்ணன் கிடாரைச் சுருதி சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வந்தவர் அவர் பக்கம் திரும்பாமலே, முதுகுப் பலகையின் ஆணிகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, ஜி.இஸட்.34 எங்கே என்று கேட்டார். நான் சொன்னேன். பாக்கெட்டிலிருந்து சிறு நோட்டை எடுத்து ஏதோ கணக்குப் போட்டு, போனில் பேசியிருந்ததில் பாதியைச் சொன்னார். அசல் ரெக்டிபையர் இல்லாதது பெரிய குறை, அந்தத் தமிழ்ச் சீட்டையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

"வாசிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டார் அண்ணன்.

"அதெல்லாம் வேண்டாம் சார், பார்த்தாலே தெரியுது" என்றார் வந்தவர்.

அண்ணன் அவருக்குக் காபி வரவழைத்து, ரயிலுக்கு நேரமாகிறது என்பதையும் மரியாதையாக ஞாபகப்படுத்தி அனுப்பிவைத்துவிட்டு, ஆணிகளை என்னிடம் கொடுத்து முதுகுப் பலகையைப் பூட்டச் சொன்னார்.